போவா வீட்டுக்கு வந்தாயிற்று, அடுத்து என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கே போவா என்று சொல்வது மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை இயற்கையாக வாழும் நஞ்சில்லாத பாம்பை. செல்லப்பிராணியாக அதிகம் புழங்குவது மத்திய அமெரிக்க வகை. ஆண் நான்கைந்து அடியில் நின்றுவிடும்; பெண் ஆறேழு அடி வரை போகும். ஒழுங்காகப் பராமரித்தால் இருபது ஆண்டுகளைத் தாண்டி வாழும். இன்று ஆசைப்பட்டு வாங்கும் கல்லூரி மாணவர், நாளை தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அது வீட்டில் இருக்கும்.

போவா வளர்ப்பு பற்றிய புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தளியின் மார்கழி இரவும் தருமபுரியின் சித்திரை மதியமும் அவற்றில் கிடையாது. கீழே இருப்பவை இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்.

போவா வளர்ப்பது சட்டப்படி குற்றமா?

பதிவு செய்து வளர்த்தால் குற்றமில்லை. போவா, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது, அந்த உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். அதையொட்டி 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. இப்போது வாங்குகிறவருக்குக் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். பிறகு கைமாற்றினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

"பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விமானப் பயணியின் பெட்டிக்குள் துணிப்பையில் சுருண்டு கடத்தி வரப்பட்ட குட்டியாக அது இருக்கலாம். அப்படி வருபவை நீர் வற்றி, உண்ணி ஏறி, பாதி உயிரோடுதான் வந்து சேரும். சட்டச் சிக்கலோடு மருத்துவச் செலவும் உங்கள் தலையில் விழும்.

கடலைக்காட்டில் மண்ணுளிப் பாம்பு கிடைத்தது. அதுவும் போவா இனம்தானாமே, வளர்க்கலாமா?

உறவு உண்மைதான். உரிமை கிடையாது. நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மலைப்பாம்புக்கும் இதே சட்டம்தான்.

மண்ணுளியில் ஒரு வகையை இருதலைப் பாம்பு என்று சொல்லிப் பல லட்சம் பேரம் பேசும் கும்பல்கள் நம் பக்கம் அவ்வப்போது பிடிபடுகின்றன. அந்தப் பாம்புக்கு இரண்டு தலை இல்லை. வால் கூம்பாமல் மொட்டையாக முடிகிறது. எதிரி வந்தால் தலையை உடலுக்கடியில் புதைத்துக்கொண்டு அந்த வாலைத் தூக்கிக் காட்டுகிறது. அடி விழுந்தால் வாலில் விழட்டும் என்ற ஏற்பாடு. இதில் மருந்தும் இல்லை, புதையலும் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்தே சிறைக்குப் போவார்கள். கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தடித்த உடலும் முதுகில் பழுப்புத் திட்டுகளும் கொண்ட மண்ணுளியையும் கண்ணாடி விரியனையும் பார்வையில் பிரிக்கத் தெரியாமல் கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். காட்டில் கிடைத்த குட்டிப் பாம்பு எதையும் "போவா மாதிரி இருக்கிறதே" என்று தொடாதீர்கள். கடித்துவிட்டால் நேரத்தை வீணாக்காமல் 108ஐ அழைத்துத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள்.

கொண்டுவந்த முதல் வாரத்தில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் இருப்பது. கேட்க எளிது, புதிதாக வாங்கியவருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

பாம்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டி தயாராகி, ஹீட்டர் ஓடி, இரவு பகல் வெப்பநிலை சீராக நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பாம்பு வந்ததும் உள்ளே விட்டு, தண்ணீர் வைத்து, மூடிவிடுங்கள். ஏழு முதல் பத்து நாள் வரை கையில் எடுக்காதீர்கள், இரையும் கொடுக்காதீர்கள். தண்ணீர் மாற்றவும் கழிவை எடுக்கவும் மட்டும் திறந்தால் போதும். தெருப் பையன்களுக்குக் காட்டுவது, தோளில் போட்டுப் படம் எடுப்பது எல்லாம் இரண்டு மூன்று வேளை இரை எடுத்து நிலைகொண்ட பிறகு. புது இடத்தில் அஞ்சிக் கிடக்கும் பாம்பு, வயிற்றில் இரை இருந்தால் அதைக் கக்கிவிடும். அந்தக் கக்கலிலிருந்துதான் பல குட்டிகளின் சரிவு தொடங்குகிறது.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருக்க வேண்டும். சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25 முதல் 27. இரவில் மொத்தமாக 23, 24 வரை இறங்கினால் பரவாயில்லை. பாம்பின் உடல் தானாக வெப்பம் உண்டாக்கிக்கொள்ளாது. செரிக்க வேண்டுமானால் சூட்டுப் பக்கம் போகும், போதும் என்று தோன்றினால் நகர்ந்துவிடும். பெட்டி முழுவதையும் 32 டிகிரியில் வைப்பது, அதற்கு ஒதுங்க இடமில்லாமல் செய்வது.

இரண்டு முனையிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானி வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மானியை நம்பாதீர்கள். கண்ணாடியின் வெப்பத்தைத்தான் அது காட்டும். கையால் தொட்டுப் பார்த்து "வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது" என்பதும் அளவு ஆகாது. நம் உள்ளங்கையே 33 டிகிரிப் பக்கம் இருக்கிறது.

எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஹீட்டர் எதற்கு?

நியாயமான கேள்வி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவருக்கு ஹீட்டர் கட்டாயம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகை முதல் தை வரை விடியற்காலை 15 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். மழைக்காலப் பகல்கூடக் குளிர்ந்தே கிடக்கும். தருமபுரி, காவேரிப்பட்டினம், அரூர் போன்ற தாழ்ந்த ஊர்களில் ஹீட்டர் ஓடும் நாள்கள் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் விடிய விடியத் தேவைப்படும். ஐப்பசி மழையிலும் தேவைப்படும்.

இந்த ஊர்களில் போவாவுக்குக் குளிரைவிட வெயில்தான் பெரிய எதிரி. வெப்பம் குறைந்தால் ஒரு ஹீட்டரில் கூட்டிவிடலாம். கூடிப்போன வெப்பத்தை இறக்குவது எவ்வளவு பாடு என்பது பங்குனி பிறந்ததும் தெரியும். அதைப் பற்றித் தனியாகக் கீழே.

கோழிக்குஞ்சுக்குப் போடும் குண்டு பல்பு போதாதா?

வெப்பம் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரவெல்லாம் வெளிச்சத்தோடு எரியும். போவா இரவில் நடமாடும் பாம்பு. இருட்டு அதற்கு வேண்டும். சிவப்பு பல்பு போட்டால் பாம்புக்குத் தெரியாது என்பதும் உண்மையில்லை. வெளிச்சமில்லாமல் வெப்பம் மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் நல்லது. அதைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு போடுங்கள். போவா மேலே ஏறிச் சுற்றிக்கொள்ளும், சுடுவது உறைக்கும் முன் வயிற்றுத் தோல் வெந்திருக்கும்.

குட்டிகளின் சிறு பெட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் போதும். பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். மேலே தடிமனாக நார்த்தூள் நிரப்பினால் சூடு அடியிலேயே தேங்கிக் கொதிக்கும், பாம்பு தோண்டிக்கொண்டு அங்கேயே போய்ப் படுக்கும். மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கும் மின் பட்டையையும், கடைகளில் விற்கும் மின்சாரச் சூட்டுக் கல்லையும் வாங்க வேண்டாம்.

கல் வேண்டுமென்றால் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் காசு செலவில்லை. கிரானைட் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட துண்டு ஒன்றை விளிம்பு தேய்த்து வாங்கிவந்து செராமிக் ஹீட்டருக்கு நேர் கீழே போடுங்கள். மேலிருந்து வாங்கிய சூட்டை மெல்ல வெளியே விடும். மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும். கல்லின் மேற்பரப்பு 33, 34ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்ட முடியாதா? ஸ்விட்சைப் போட்டு அணைத்துக்கொள்கிறேனே?

முடியாது. குறித்த வெப்பநிலை வந்ததும் ஹீட்டரைத் தானாக அணைத்து, குறைந்தால் மீண்டும் போடும் கருவிதான் தெர்மோஸ்டாட். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. நீங்கள் தூங்கும்போது ஸ்விட்சை அணைப்பது யார்?

முட்டை அடைகாக்கும் கருவிகளுக்குப் போடும் சிறிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டையே பலரும் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்யும். ஆனால் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே நாளடைவில் ஒட்டிக்கொண்டு அணையாமலே நின்றுவிடுவதுண்டு. அதனால் ஒரே இணைப்பில் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை 36 டிகிரியில் வைத்துக் காவலுக்குப் போடுங்கள். முதலாவது தவறினால் அது துண்டித்துவிடும். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எர்த் இணைப்பு இருக்கட்டும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூடான முனையில், பாம்பு படுக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். அசையாதபடி கிளிப் அடித்து இறுக்கியிருக்க வேண்டும். பாம்பு அதை இழுத்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டுவிட்டது என்று வையுங்கள். சென்சார் குளிர்ந்த தண்ணீரையே அளந்துகொண்டிருக்கும், ஹீட்டர் நிற்காமல் ஓடும், பெட்டி அடுப்பாகிவிடும். பெட்டிக்குள் சாதாரண ஒட்டு டேப்பைப் போடாதீர்கள். செதிலில் ஒட்டிக்கொண்டால் தோலோடு உரியும்.

கோடையில் அறையே 38 டிகிரி. என்ன செய்ய?

அறை 33ஐத் தொட்டதும் ஹீட்டருக்கு வேலையில்லை. 35க்கு மேல் நெடுநேரம் நின்றால் பாம்பு தவிக்கத் தொடங்கும். 38ஐத் தாண்டிய பெட்டிக்குள் அடைத்துவைத்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். நாள் முழுதும் தண்ணீரிலேயே கிடப்பது, ஓயாமல் மூக்கால் மூலையை முட்டுவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது ஆகியவை அதன் கூப்பாடு.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையடியில் போவா வைக்காதீர்கள். அப்படிப்பட்ட வீடு மட்டும்தான் இருக்கிறதென்றால், வாங்குவதையே தள்ளிப்போடுங்கள். மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை ஆகாது. மேற்குச் சுவர் இல்லாத தரைத்தள அறை, முடிந்தால் வீட்டின் நடு அறை நல்லது. பெட்டியை மர மேசையிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவது நம் பாட்டிமார் கண்ட வழி. வறண்ட தருமபுரிக் காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், ஈரப்பதத்தையும் சேர்த்துக் கொடுக்கும். அறைக்குள் ஏர் கூலர் வைத்தாலும் இதே பலன்தான். காற்று நேராகப் பெட்டியில் அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

அவசரத்துக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துண்டில் சுற்றி, பெட்டியின் மூடிமேல் ஒரு முனையில் வைக்கலாம். பாம்பின்மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இரவில் மின்சாரம் போய்விட்டால்?

பதறத் தேவையில்லை. நலமான போவா ஓரிரு இரவு 20 டிகிரியைத் தாங்கும், வயிற்றில் இரை இல்லாதவரை. இரை எடுத்த மறுநாள் என்றால் கதை வேறு. குளிரில் செரிமானம் நின்று இரை உள்ளேயே அழுகும். ஆகவே பலத்த மழைக்கு எச்சரிக்கை இருக்கும் நாளிலும், காலையிலிருந்து மின்தடை என்று அறிவித்த நாளுக்கு முந்தின இரவிலும் இரை கொடுக்காதீர்கள்.

பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள், காற்றுத் துளைகளை மூடாமல். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம். மேட்டு ஊர்க்காரர்கள் இன்வெர்ட்டரில் ஹீட்டரைச் சேர்த்துவிடலாம். 60 வாட் செராமிக் ஒன்று பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுதான் இழுக்கும்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பிறந்த குட்டி ஒன்றரை அடி நீளம். அதற்கு இரண்டடி நீளப் பிளாஸ்டிக் பெட்டி போதும். பக்கவாட்டில் சூட்டுக்கோலால் துளை போட்டுக்கொள்ளலாம். வளர்ந்த ஆணுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பெரிய பெண்ணுக்கு ஆறடி நீளம். உள்ளூர்த் தச்சரிடம் பிளைவுட்டில் செய்து, உள்ளே நீர் உறிஞ்சாத பெயின்ட் அடித்து, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் காயவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். முன்பக்கம் நழுவும் கண்ணாடி, அதற்குப் பூட்டு. பூட்டு அவசியம். போவாவுக்குக் கழுத்தும் உடம்பும்தான் கை. அரை அங்குல இடுக்கு கிடைத்தால் மூக்கைச் செருகி நெம்பித் திறந்துவிடும். தெருவில் பாம்பு தென்பட்டால் நம் ஊரில் முதலில் வருவது தடிதான்.

மறைவிடம் இரண்டு வேண்டும், சூட்டு முனையில் ஒன்று, குளிர் முனையில் ஒன்று. உடல் சுவரில் உரசும்படி நெருக்கமாக இருந்தால்தான் பாம்புக்கு நிம்மதி. குட்டிகள் கிளையேறும். மாமரக் கிளை போடலாம், ஆனால் தோப்பில் பூக்கும் பருவத்தில் மருந்து அடித்த மரமாக இருக்கக் கூடாது. கொய்யாக் கிளை இன்னும் பாதுகாப்பு.

அடியில் என்ன விரிப்பது?

முதல் இரண்டு மூன்று மாதம் செய்தித்தாள். அழகில்லை, ஆனால் உண்ணி ஊர்வதும், கழிவு நீர்த்துப்போவதும், கக்கியதும் உடனே கண்ணில் படும். அதன்பிறகு தேங்காய் நார்க்கழிவு. கயிறு திரிக்கும் ஆலைகளில் மூட்டைக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும். அப்படியே போடாமல் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை இறக்கி, ஈரம் கையில் ஒட்டாத பதத்தில் போடுங்கள். மணலும் தேவதாரு மரத்தூளும் வேண்டாம். அறையில் பாச்சை உருண்டையும் கூடாது, கொசுவத்தியும் கூடாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அந்த அறைக்குப் போடாமல் விட்டால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

சட்டை முழுதாக உரியவில்லையே?

காற்றில் ஈரம் போதவில்லை. போவாவுக்கு 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். மாசி முதல் வைகாசி வரை நம் வீடுகளில் பகலில் அவ்வளவு இருக்காது. கண் நீலம் பாரித்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போதிருந்து கையில் எடுக்காமல், இரை கொடுக்காமல் விட்டுவிடுங்கள்.

இதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிடக் குயவரிடம் வாங்கும் மண்சட்டி மேல். வாய் அகன்ற சட்டி ஒன்றின் விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்குத் துண்டு உடைத்து, உடைந்த இடத்தைச் செங்கல்லால் மழுங்கத் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கவிழ்த்துவையுங்கள். உள்ளே ஈர நார் கொஞ்சம். மண் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பாம்பு உள்ளே போய்க் கிடந்து, உரிக்கும்போது அதே விளிம்பில் மூக்கைத் தேய்த்துத் தொடங்கும். சட்டை மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக, உட்புறம் வெளியாகத் திரும்பி வர வேண்டும். அதை விரித்து இரண்டு கண் வில்லைகளும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்ட கண் வில்லையை நகத்தால் சுரண்டாதீர்கள். வால் நுனியில் வளையமாக நின்றுவிட்ட சட்டையை வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து ஈரத்துணியால் உருவிவிடலாம். விட்டுவைத்தால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும்.

அதற்காகப் பெட்டியைச் சொதசொதவென்று வைக்கவும் கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும்.

குடிக்க எந்தத் தண்ணீர்?

நீங்கள் குடிக்கும் தண்ணீர். இந்த இரண்டு மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கனமான, கவிழாத தொட்டியில் ஊற்றி வையுங்கள். அதில் கழிவு போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள்.

முதல் இரை எப்போது, எவ்வளவு?

வந்து ஏழு முதல் பத்து நாள் கழித்து, மாலை மங்கிய பிறகு. இரையின் பருமன் பாம்பின் உடல் நடுப்பகுதியைவிட மிஞ்சக் கூடாது. முதல் முறைக்கு அதைவிடவும் சிறியதே நல்லது. குட்டிக்கு ரோமம் முளைத்த வெள்ளைச் சுண்டெலிக்குஞ்சு போதும். எடை பார்ப்பவர்களுக்குக் கணக்கு: பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள்.

குட்டிக்கு 10 முதல் 14 நாளைக்கு ஒருமுறை. ஒரு வயதைத் தாண்டியதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. "பாவம், பசியோடு பார்க்கிறது" என்று வாரா வாரம் ஊட்டுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. விருந்தாளியை எழவிடாமல் பரிமாறும் நம் ஊர்ப் பழக்கம் பாம்பிடம் செல்லாது. போவாவின் உடல் மெதுவாக ஓடுவது. மிஞ்சிய கொழுப்பு ஈரலில் படிந்து ஆயுளைக் குறைக்கும்.

இரை எடுத்த பின் 48 மணி நேரம் தொடாதீர்கள். பெரிய இரை என்றால் வயிற்றுப் புடைப்பு அமரும்வரை.

உயிருள்ள எலி கொடுக்கலாமா? வயல் எலி? கோழி?

உறைய வைத்து இளக்கிய எலிதான் சரி. உயிருள்ள எலி பாம்பைக் கடிக்கும். பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க விடப்பட்ட எலி, பாம்பின் முதுகைக் கடித்து முள்ளெலும்பு தெரிய வைத்த கதைகள் உண்டு.

வளர்ப்பவரிடம் வெள்ளை எலி வாங்கி, ஒவ்வொன்றாகப் பொட்டலம் கட்டி உறைய வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தனிச் சிறு பெட்டி வாங்கினால் சுகாதாரமும் நிலைக்கும், குடும்ப அமைதியும் நிலைக்கும். முந்தின இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் இளகவிட்டு, கொடுக்குமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடிக்கும். நீண்ட இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். போவா அடித்துச் சுற்றிக்கொள்ளும். அது மூச்சை முட்ட வைத்துக் கொல்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2015இல் வெளியான ஆய்வு, இறுக்கத்தில் இரையின் ரத்த ஓட்டமே சில நொடிகளில் சரிந்துவிடுகிறது என்று காட்டியது.

வயல் எலியைக் கொடுக்கவே கூடாது. நெல், கடலை வயல்களில் எலி மருந்து வைப்பது வழக்கம். மருந்து தின்ற எலி பாம்பையும் கொன்றுவிடும். போதாததற்கு ஒட்டுண்ணிகள் வேறு. ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சு எப்போதாவது கொடுக்கலாம், கழிவு நாறும். கடைக் கறித்துண்டு வேண்டாம். எலும்பும் ஈரலுமாக முழு உயிரைத் தின்னும்படி அமைந்த உடல் அது.

பால், முட்டை?

பாம்பு பால் குடிக்காது. புற்றுக்கு ஊற்றுவது அவரவர் நம்பிக்கை. போவாவுக்கு வைப்பது வயிற்றுப்போக்கு. முட்டையும் வேண்டாம்.

சாப்பிட மறுக்கிறது. எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். மறுப்பதற்குப் பத்தில் எட்டு முறை வெப்பமோ மறைவிடமோதான் காரணமாக இருக்கும். சட்டை உரிக்கும் காலத்திலும், வளர்ந்த ஆண் குளிர்காலத்திலும் மறுப்பது இயல்பு. எடை இறங்காதவரை குட்டி ஒரு மாதம், வளர்ந்தது மூன்று நான்கு மாதம் பட்டினி கிடந்தாலும் ஆபத்தில்லை. மறுத்த மறுநாளே மீண்டும் காட்டாதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். வாயைத் திறந்து திணிக்கும் வேலையை மருத்துவர் தவிர யாரும் செய்யக் கூடாது.

இரையைக் கக்கிவிட்டது.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரையோடு வயிற்று அமிலமும் வந்து தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். குறைந்தது இரண்டு வாரம் இரை இல்லை, தண்ணீர் மட்டும். பிறகு வழக்கமானதில் பாதி அளவு இரை. காரணத்தை அதற்குள் கண்டுபிடியுங்கள்: இரை பெரிதா, இரவு குளிர்ந்ததா, பெட்டி கொதித்ததா, சாப்பிட்ட மறுநாள் யாராவது கையில் எடுத்தார்களா? இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்ணி, சளி, மற்ற நோய்கள்?

தண்ணீர்ச் சட்டியின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள் கிடந்தால் உண்ணி. கண்ணைச் சுற்றியும் தாடைக்கடியிலும் செதில் இடுக்கில் பாருங்கள். பெட்டியை முழுக்கக் காலி செய்து வெந்நீரில் கழுவுங்கள். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தை உங்கள் யூகத்தில் தெளிக்காதீர்கள். அளவு பிசகினால் உண்ணிக்கு முன் பாம்பு போய்விடும். மூச்சில் கிரீச்சென்ற ஒலி, வாயோரம் நுரை, தலையை அண்ணாந்து பிடிப்பது ஆகியவை சளியின் அடையாளம்.

போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும் ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. அடிக்கடி கக்குவது, தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பது போல் முறுக்குவது, புரட்டிப் போட்டால் நிமிர முடியாதது எல்லாம் அதன் அறிகுறிகள். மருந்து கிடையாது. உண்ணி வழியாகவும் பரவக்கூடும் என்று கருதப்படுகிறது. ஆகவே வீட்டில் ஏற்கெனவே வேறு பாம்பு இருந்தால் புதியதை மூன்று மாதம் தனி அறையில் வைத்து, பழையதைக் கவனித்த பிறகே புதியதைத் தொட வேண்டும். இரண்டு போவாக்களை எப்போதும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். பாம்பு நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள்.

கடித்தால் என்ன ஆகும்?

நஞ்சில்லை. வலிக்கும், ரத்தம் வரும். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். பாம்பின் தலைமேல் குளிர்ந்த தண்ணீர் விட்டால் தானாக விடும். சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆறடிக்கு மேற்பட்ட பாம்புக்கு இரை கொடுக்கும்போதும் வெளியே எடுக்கும்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். பாம்பைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவே விடாதீர்கள். பாம்பு நலமாக இருந்தாலும் அதன் குடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம்.

வளர்க்க முடியவில்லை. காட்டில் விட்டுவிடலாமா?

கூடாது. கரீபியன் தீவான அரூபாவில் 1999இல் முதன்முதலாகக் கண்ணில் பட்ட போவா, இன்று அந்தத் தீவின் பறவைகளையும் பல்லிகளையும் தின்று தீர்க்கும் தொல்லையாகிவிட்டது. பெண் போவா முட்டையிடாமல் நேராகக் குட்டி போடும், ஒரே ஈற்றில் முப்பது நாற்பதுகூட. ஒகேனக்கல் காட்டில் அது தழைக்கலாம், தழைக்காமல் சாகலாம். போகும் இடத்தில் நோயை நம் மண்ணுளிக்கும் மலைப்பாம்புக்கும் விட்டுச்செல்லலாம். பதிவுள்ள வேறொருவருக்கு மாற்றி, மாற்றத்தை இணையதளத்தில் தெரிவியுங்கள். அது கைகூடாவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து வழி கேளுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பாம்பை யார் பார்ப்பது?

மற்ற செல்லப்பிராணிகளைவிட இதில் சிரமம் குறைவு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரை கொடுக்காதீர்கள். திரும்பி வந்து கொடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து வெப்பமானியைப் பார்த்து, தண்ணீர் மாற்ற வேண்டும். வருபவருக்குப் பாம்புப் பயம் என்றால் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே படிக்கும்படி வெப்பமானியின் திரையை வெளியே ஒட்டிவிடுங்கள். தண்ணீருக்கு மட்டும் பயமில்லாத ஒருவரை ஏற்பாடு செய்தால் போதும். கோடை விடுமுறைப் பயணம் என்றால் ஆளை நாள்தோறும் மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். காலையில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.